வாட்டம் முதலில், தார் அப்புறம்

போன வருடம் அக்டோபரில் ஒரு சாயங்காலம் அக்கா போன் செய்தார். "தம்பி, ஹாலுக்குள்ள தண்ணி ஏறிருச்சு, சீக்கிரம் வா" என்றார். மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் என் வீட்டிலிருந்து லிந்தாங் சாலைப் பக்கம் இருக்கும் அவர் தாமானுக்கு (குடியிருப்புப் பகுதிக்கு) மோட்டாரில் பத்து நிமிடம். மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். கார் போர்ச்சில் கணுக்கால் அளவு தண்ணீர். செருப்புகள் மிதந்து கதவோரம் ஒதுங்கிக் கிடந்தன. சறுக்குக் கதவின் அடித் தண்டவாளத்தைத் தாண்டிய தண்ணீர் சாமி அறை வாசல் வரை போயிருந்தது. அக்கா பழைய கைலிகளைச் சுருட்டி அணை போட்டுக்கொண்டிருந்தார். வெளியே, மூன்று வாரத்துக்கு முன்னால் போட்ட புதுத் தார் மழையில் பளபளத்தது. முப்பது வருடமாக அந்த வீட்டுக்குள் ஒரு சொட்டு வந்ததில்லை.

நடந்தது இதுதான். பக்கத்துச் சாலையில் வேலை செய்துகொண்டிருந்த ஒரு கான்ட்ராக்டர் வீட்டுக்கு வீடு கேட்டுக்கொண்டு வந்திருக்கிறார். பிரிமிக்ஸ் (ஆலையிலிருந்து சூடாக வரும் தார், ஜல்லிக் கலவை) மீந்துவிட்டது, பாதி விலைக்குப் போட்டுத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். காலையில் வந்தார்கள், மதியச் சாப்பாட்டுக்குள் முடித்துவிட்டார்கள். பழைய தரைமேல் அப்படியே ஐந்து சென்டிமீட்டர் பூச்சு. போர்ச்சுக்கு முன்னால் பழைய கொத்தனார் விட்டிருந்த ஆழம் குறைந்த சிமெண்டு வாய்க்காலையும் "எதற்கு இந்தப் பள்ளம், கார் குலுங்கும்" என்று நிரப்பி மட்டமாக்கிவிட்டார்கள். அந்தப் பள்ளம்தான் முப்பது வருடமாக அக்கா வீட்டைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

நான் பேராக் மாநிலச் சாலைகளில் பிரிமிக்ஸ் கேங்கில் இருபத்தேழு வருடம் வேலை செய்தவன். முதலில் ரேக் பிடித்தேன், கடைசி பத்து வருடம் மண்டோராக, அதாவது கேங்கின் மேற்பார்வையாளராக இருந்தேன். என் அப்பா ரப்பர் தோட்டத்தில் கால்வாய் வெட்டும் வேலை பார்த்தவர். புதுக் கால்வாய் வெட்டி முடித்ததும் ஒரு காய்ந்த ரப்பர் இலையைத் தண்ணீரில் போட்டுவிட்டு அதன்கூடவே நடப்பார். இலை எங்கே தயங்கி நிற்கிறதோ அங்கே மண்வெட்டியைப் போடுவார். அளவு கருவி எதுவும் அவரிடம் கிடையாது. வீட்டு முன்பாதைக்குப் புதுத் தார் போட நினைப்பவர்களுக்கு நான் சொல்ல வருவதும் அந்த இலைக்குப் பின்னால் நடக்கும் வேலையைத்தான். தாரைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால், தண்ணீர் எங்கே விழுகிறது, எந்த வழியாகப் போகிறது, எங்கே போய்ச் சேர்கிறது என்ற மூன்றுக்கும் உங்களிடம் பதில் இருக்க வேண்டும்.

மழையில் நின்று பாருங்கள்

எங்கள் பக்கம் ஏப்ரல், மே, அப்புறம் அக்டோபர், நவம்பர் மாதங்களில் மதியத்துக்கு மேல் மலைப்பக்கம் கறுத்தால் மழை நிச்சயம். அந்த மாதங்களில் ஒரு மழைக்குக் குடையோடு உங்கள் முன்பாதையில் நில்லுங்கள். கூடவே ஒரு கைப்பிடி மரத்தூள் எடுத்துக்கொள்ளுங்கள். கேட்டருகே கொஞ்சம், நடுவில் கொஞ்சம், போர்ச் ஓரம் கொஞ்சம் தூவுங்கள். தூள் போகும் பாதைதான் உங்கள் தண்ணீரின் பாதை. கண்ணுக்கு மட்டமாகத் தெரியும் இடத்தில் அது வளைந்து வீட்டுப் பக்கம் திரும்புவதைப் பார்த்தால் நீங்களே ஆச்சரியப்படுவீர்கள்.

மழை விட்டு ஒரு மணி நேரம் கழித்து மறுபடி வாருங்கள். இன்னும் தேங்கியிருக்கும் இடங்களைச் சுற்றிச் சாக்குக்கட்டியால் கோடு போட்டு, கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். 20 சென் காசை உள்ளே போடுங்கள். காசு முழுக்க மூழ்கினால் அது சரிசெய்ய வேண்டிய பள்ளம். ஈரம் மட்டும் இருந்தால் விட்டுவிடலாம்.

இன்னொன்றையும் கவனியுங்கள்: சாலைத் தண்ணீர் உங்கள் கேட்டுக்குள் வருகிறதா? பழைய தாமான்களில் இது அதிகம். சாலைக்கு ஒவ்வொரு முறையும் புதுப் பூச்சு போடும்போது அது உயர்ந்துகொண்டே போகிறது, வீடு இருந்த இடத்திலேயே இருக்கிறது. அக்கா வீட்டுக் கேட் இப்போது போர்ச் ஓரத்துத் தரையைவிட 3 சென்டிமீட்டர் உயரம். கட்டியபோது நிச்சயம் அப்படி இருந்திருக்காது.

டியூப் மட்டமும் கொஞ்சம் கணக்கும்

பெரிய கருவி எதுவும் வேண்டாம். உங்கள் பாதையைவிட நீளமான, உள்ளே இருப்பது தெரியும் பிளாஸ்டிக் டியூப் ஒன்று வாங்கித் தண்ணீர் நிரப்புங்கள். உள்ளே காற்றுக்குமிழ் இருக்கக் கூடாது. இருந்தால் அளவு பொய் சொல்லும். ஒரு முனையை வீட்டுச் சுவரிலும் மறுமுனையைக் கேட் தூணிலும் பிடித்தால், இரண்டு பக்கமும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். இரண்டு இடத்திலும் பென்சிலால் கோடு போடுங்கள். கோட்டிலிருந்து தரை வரை டேப்பால் அளந்தால் எது உயரம், எது பள்ளம் என்று தெரிந்துவிடும். சுவரில் 80 சென்டிமீட்டரும் கேட்டில் 77-ம் வந்தால் கேட் 3 சென்டிமீட்டர் உயரம். இப்படி ஒவ்வொரு இரண்டு மீட்டருக்கும் அளந்து ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

தண்ணீர் ஓட எவ்வளவு வாட்டம் வேண்டும்? தார்ப் பரப்புக்கு மீட்டருக்கு 2 சென்டிமீட்டர் இறக்கம் இருந்தால் நல்லது. மீட்டருக்கு 1 சென்டிமீட்டர் என்பது கடைசி எல்லை. அதற்கும் குறைத்துக் கைவேலையில் போட்டால் எங்கேயாவது தேங்கியே தீரும். கையால் பரப்பும் தாரில் அரை சென்டிமீட்டர் முன்னே பின்னே வருவது சகஜம்.

அப்புறம் தண்ணீரின் அளவு. எங்கள் பக்கத்து இடிமழை கொஞ்ச நேரத்துக்கு மணிக்கு 100 மில்லிமீட்டர் வேகத்தில் அடிக்கும். 6 மீட்டர் அகலம், 10 மீட்டர் நீளம், ஆக 60 சதுர மீட்டர் பாதையில் அந்த வேகத்தில் பெய்தால் நிமிடத்துக்கு 100 லிட்டர். இருபது லிட்டர் வாளியால் நிமிடத்துக்கு ஐந்து வாளி விடாமல் யாரோ ஊற்றுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். கூரையின் முன்பாதி 40 சதுர மீட்டர் என்றால் அங்கிருந்தும் மூன்று வாளிக்கு மேல். கூரைக் குழாய் நேராகத் தரையில் கொட்டினால் அந்த மூன்று வாளியும் ஒரே இடத்தில் விழும். புதுத் தாரில் முதலில் பெயர்ந்து ஜல்லி தெரிவது எப்போதும் அந்த இடம்தான். அதனால் தார் வேலைக்கு முன்னாலேயே கூரைக் குழாயைத் தரைக்கடியில் பிவிசி குழாயோடு சேர்த்து லோங்காங்குக்கு, அதாவது வீட்டோர வடிகாலுக்கு, கொண்டுபோய் விடுங்கள். தார் போட்ட பிறகு நினைவு வந்தால் வெட்டித்தான் போட வேண்டும். வெட்டி ஒட்டிய தார் பழைய மாதிரி ஆகாது.

அக்கா வீட்டில் செய்தது

கேட்டும் உயரம், வீடும் உயரம், நடுவில் தண்ணீர். இந்த மாதிரி இடத்தில் முழுப் பாதையையும் ஒரே பக்கம் சாய்க்க முடியாது. குறுக்கே ஒரு வாய்க்கால் வெட்டி இரண்டு பக்கத்தையும் அதை நோக்கிச் சாய்க்க வேண்டும்.

போர்ச் ஓரத்திலிருந்து 3 மீட்டர் தள்ளி, பாதையின் முழு அகலத்துக்கும் வாய்க்கால் போட்டோம். இடத்தைக் கணக்குப் போட்டுத்தான் எடுத்தேன். போர்ச்சிலிருந்து வாய்க்கால் வரை 7 சென்டிமீட்டர் இறக்கம். மூன்று மீட்டருக்கு அது தாராளம். கேட்டிலிருந்து வாய்க்கால் வரை 7 மீட்டருக்கு மொத்தம் 10 சென்டிமீட்டர், அதாவது மீட்டருக்கு ஒன்றரைக்குக் கொஞ்சம் குறைவு. இரண்டு பக்கமும் தேறியது. வாய்க்காலைப் போர்ச் ஓரத்திலேயே போட்டிருந்தால் கேட் பக்கத்துக்கு வாட்டம் கிடைத்திருக்காது. கேட்டருகே போட்டிருந்தால் வீட்டுப் பக்கம் கிடைத்திருக்காது.

வாய்க்காலின் உட்புறம் 15 சென்டிமீட்டர் அகலம். தொடக்கத்தில் 10 சென்டிமீட்டர் ஆழம், ஆறு மீட்டர் தள்ளி லோங்காங்கில் சேரும் இடத்தில் 16. மேலே மட்டம், அடியில் மட்டும் சரிவு. இதைக் கொத்தனாரிடம் நின்று சொல்லுங்கள். சிலர் அடியையும் மட்டமாகப் பூசிவிட்டுத் "தண்ணி தானா போயிரும்" என்பார்கள். போகாது. மண்டிதான் தங்கும்.

இங்கேதான் பலர் கோட்டை விடுவது: வாய்க்கால் போய்ச் சேரும் லோங்காங்கின் உயரத்தைப் பார்ப்பதில்லை. வெயில் காலத்தில் லோங்காங் காய்ந்து கிடக்கும், எல்லாம் சரியாகத் தெரியும். நல்ல மழையில் அதில் தண்ணீர் எதுவரை ஏறுகிறது என்று சுவரில் இருக்கும் பாசிக் கோட்டைப் பாருங்கள். உங்கள் வாய்க்காலின் வாய் அந்தக் கோட்டுக்கு மேலே இருக்க வேண்டும். கீழே இருந்தால் லோங்காங் நிறையும்போது தண்ணீர் பின்வாங்கி உங்கள் வாசலுக்கே வரும். அக்கா வீட்டு ஓர லோங்காங் போர்ச் தரையிலிருந்து 40 சென்டிமீட்டர் ஆழம், வாய்க்காலின் வாய் 23-ல். பாசிக் கோடு அதற்குக் கீழே இருந்தது. இல்லாவிட்டால் அந்தத் திட்டத்தையே விட்டிருப்பேன்.

கம்பி மூடிக்குச் சூடான துத்தநாகத்தில் முக்கிய இரும்பு வாங்குங்கள், கார் ஏறும் கனத்தில். மெல்லிய மூடி ஆறு மாதத்தில் வளையும், அப்புறம் ஒவ்வொரு முறை கார் ஏறும்போதும் "டங்" என்று சத்தம். இரும்பு திருடுபவர்கள் இருக்கிற காலம் இது, ஒரு பக்கம் கீல் வைத்து மறுபக்கம் போல்ட் போட்டுவிடுங்கள். வாய்க்காலின் இரண்டு பக்கச் சுவரும் 10 சென்டிமீட்டர் கான்கிரீட்டுக்குக் குறையக் கூடாது. கான்கிரீட் ஊற்றி ஏழு நாளாவது ஆன பிறகுதான் பக்கத்தில் ரோலர் வரலாம்.

கம்பி மூடியின் மேல்மட்டம், தார் முடியும் மட்டத்தைவிட 5 மில்லிமீட்டர் கீழே இருக்க வேண்டும். சிறிய விஷயம்தான். ஆனால் மூடி 5 மில்லிமீட்டர் மேலே நின்றுவிட்டால் அதுவே அணைக்கட்டாகித் தண்ணீரைத் தடுக்கும். கொத்தனார் மூடியை வைப்பது தாருக்கு முன்னால் என்பதால், முடியப் போகும் தார் மட்டத்துக்கு நூல் கட்டிவிட்டு, அந்த நூலுக்குக் கீழேதான் மூடியை வைக்கச் சொல்ல வேண்டும்.

கேட்டில் சாலைத் தண்ணீரைத் தடுக்க, கேட்டுக்குச் சற்று வெளியே 4 சென்டிமீட்டர் உயரத்தில் மெதுவான மேடு ஒன்று போட்டோம். கார் அடி தட்டாமல் இருக்க, மேட்டின் இரு பக்கமும் அரை மீட்டருக்கு இழுத்துத் தேய்க்க வேண்டும். இதற்கு முன்னால் ஒரு விஷயம். கேட்டுக்கு வெளியே இருக்கும் சாலையோர லோங்காங் உங்களுடையது இல்லை. அதை மூடுவது, குறுக்குவது, குழாய் போட்டு மேலே பாதை அகலப்படுத்துவது எல்லாவற்றுக்கும் நகராண்மைக் கழகத்தில் அனுமதி கேட்க வேண்டும். 1974-ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டம் இருப்பது இதற்காகத்தான். நீங்கள் குறுக்கினால் மேல்வீட்டுக்காரர் வாசலில் தண்ணீர் ஏறும். அவர் வந்து கேட்கும்போது பதில் சொல்ல முடியாது.

அடித்தளத்தில் வாட்டம்

"வாட்டத்தைத் தாரிலேயே கொடுத்துவிடலாம் அண்ணே, பள்ளத்தில கொஞ்சம் கூடப் போட்டா போதும்." இதை எத்தனை வாயில் கேட்டிருக்கிறேன் என்று எண்ண முடியாது. தவறு. சூடான பிரிமிக்ஸ் ரோலருக்கு அடியில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு அமுங்கும். 5 சென்டிமீட்டர் பரப்பினால் 4 ஆகும். 10 பரப்பிய இடம் 8 ஆகும். முதல் இடத்தில் ஒன்று இறங்கியது, இரண்டாவது இடத்தில் இரண்டு இறங்கியது. நீங்கள் மேலே நூல் பிடித்து மட்டமாக இழுத்தாலும், ரோலர் ஏறியதும் கனமான இடம் அதிகமாக இறங்கி மறுபடி பள்ளமாகிவிடும். பழைய பள்ளம் இருந்த அதே இடத்தில் புதுத் தாரிலும் தண்ணீர் தேங்குவது இதனால்தான்.

ஆகவே வாட்டத்தைக் கிரஷர் ரன்னிலேயே, அதாவது தாருக்கு அடியில் போடும் பொடி கலந்த ஜல்லியிலேயே கொடுங்கள். அக்கா வீட்டில் அந்த மூன்று வாரத் தாரையும் பெயர்த்தெடுத்தோம். அக்காவுக்கு மனசு கேட்கவில்லை, புதுசாயிற்றே என்று. எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் அதன்மேல் இன்னொரு பூச்சு போட்டால் தார் கதவுப் படியைத் தொட்டுவிடும். தார் மட்டத்துக்கும் கதவுப் படிக்கும் 10 சென்டிமீட்டராவது இடைவெளி இருக்க வேண்டும், 15 என்றால் நிம்மதியாகத் தூங்கலாம். கரையான் ஏறாமல் இருக்கவும் அது நல்லது.

மேல் பூச்சு மட்டும் போதுமா, அடி வரை தோண்ட வேண்டுமா என்பதை விரிசலைப் பார்த்துச் சொல்லலாம். நீளவாக்கில் ஓரிரண்டு கோடுகள் என்றால் அடைத்துவிட்டு மேலே போடலாம். முதலைத் தோல் மாதிரி கட்டம் கட்டமாக வெடித்திருந்தால், அல்லது கார் ஏறும்போது விரிசலிலிருந்து செம்மண் கலந்த தண்ணீர் பீறி வந்தால், அடித்தளம் ஊறிப்போய்விட்டது என்று அர்த்தம். அந்த இடத்தைச் சதுரமாக வெட்டி, சேறு போகும் வரை தோண்டி, 15 சென்டிமீட்டர் கிரஷர் ரன்னை இரண்டு அடுக்காகப் போட்டுத் தண்ணீர் தெளித்து இடிக்க வேண்டும். ஒரே அடுக்காகப் போட்டால் மேலே இறுகும், கீழே பொதபொதவென்று இருக்கும். இடித்து முடித்ததும் குதிகாலால் ஓங்கி மிதியுங்கள். தடம் விழக் கூடாது. அப்புறம் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி அதே மரத்தூள் சோதனை. கிரஷர் ரன்னில் ஓடாத தண்ணீர் தார்மேலும் ஓடாது.

தார் போடும் அன்று

இதை நீட்ட வேண்டியதில்லை, உங்கள் கான்ட்ராக்டருக்குத் தெரியும். நீங்கள் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டியவை கொஞ்சம்தான்.

பழைய தார் அல்லது சிமெண்டுமேல் போடுவதாக இருந்தால் ஒட்டுவதற்கு தார்ப்பால் அடிப்பார்கள். அடிக்கும்போது அது மைலோ பானம் மாதிரி பழுப்பு நிறத்தில் இருக்கும். தண்ணீர் பிரிந்து போகப் போக ஓரத்திலிருந்து கறுத்து, கடைசியில் முழுக்கக் கறுப்பாகும். அந்தக் கறுப்பு வரும் வரை பிரிமிக்ஸைக் கொட்டவிடாதீர்கள். மைலோ நிறத்தில் கொட்டினால் மேல் பூச்சு தனித் தட்டாக நிற்கும். ஒரு வருடத்தில் கைக்கு வரும்.

பிரிமிக்ஸ் ஆலையை விட்டு 150 டிகிரி அளவில் கிளம்பும். 80, 90-க்குக் கீழே இறங்கிவிட்டால் ரோலர் ஓட்டுவதில் பலன் இல்லை. லோரியில் தார்ப்பாய் மூடி வந்ததா பாருங்கள். கொட்டும்போது மெல்லிய ஆவி வந்தால் சரி. நீலப் புகை வந்தால் கலவை கருகியிருக்கிறது. கட்டி கட்டியாக, மங்கலாக விழுந்தால் ஆறிவிட்டது, திருப்பி அனுப்புங்கள். மீந்த பிரிமிக்ஸ் என்று வாசலுக்கு வருவது பெரும்பாலும் இந்த ஆறிய சரக்குதான். 60 சதுர மீட்டருக்கு 4 சென்டிமீட்டர் அமுங்கிய கனத்தில் 6 டன் அளவுக்குத் தேவைப்படும். 3 டன்னில் முடித்துவிட்டேன் என்று யாராவது சொன்னால் உங்களுக்குக் கிடைத்தது பாதிக் கனம்.

ரோலர் தாழ்ந்த ஓரத்திலிருந்து உயர்ந்த பக்கமாக ஏறி வர வேண்டும். மேலிருந்து தொடங்கினால் சூடான கலவை கீழே தள்ளிக்கொண்டு போய் வாய்க்கால் ஓரத்தில் மேடு கட்டும். சூடு இருக்கும்போதே 3 மீட்டர் அலுமினியக் கம்பை வைத்துப் பாருங்கள். கம்புக்கு அடியில் வெளிச்சம் தெரிந்தால் அப்போதே சொல்லுங்கள், நிரப்பி மறுபடி உருட்ட முடியும். நாளைக்கு முடியாது.

பணத்தில் கடைசிப் பங்கை முதல் மழைக்குப் பிறகு தருகிறேன் என்று வேலைக்கு முன்னாலேயே பேசிக்கொள்ளுங்கள். நல்ல ஆள் ஒத்துக்கொள்வார். நான் வேலையில் இருந்தபோது அப்படிக் கேட்டவர்கள் வீட்டில் எங்கள் கேங்கே கூடுதல் கவனமாக வேலை செய்யும்.

பனி ஊரில் இருப்பவர்களுக்கு

என் மகள் கனடாவில், டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் இருக்கிறாள். நம் ஊர்ப் பிள்ளைகள் நிறைய பேர் அந்தப் பக்கம் வீடு வாங்கியிருப்பதால் இதையும் எழுதுகிறேன். பேத்தி பிறந்தபோது மார்ச் மாதம் போயிருந்தேன். மாப்பிள்ளை பனியை வாரி முன்பாதையின் மேட்டுப் பக்கம் குவித்திருந்தார். மதியம் வெயில் வந்ததும் குவியல் உருகி, பாதைக்குக் குறுக்கே கண்ணாடித் தாள் மாதிரி மெல்லிசாகத் தண்ணீர் ஓடியது. இரவு உறைந்தது. காலையில் தார் வெறுமனே ஈரமாக இருப்பதுபோல்தான் தெரிந்தது. குப்பைத் தொட்டியை இழுத்துக்கொண்டு போன மாப்பிள்ளை அப்படியே மல்லாந்து விழுந்தார். "அப்பா, இங்க தண்ணி தேங்கினா கொசு வராது, ஆள்தான் விழுவாங்க" என்றாள் மகள்.

அன்றைக்கே குவியலின் இடத்தை மாற்றினோம். பனியைக் குவிக்கும் இடம் பாதையின் தாழ்வான பக்கம் இருக்க வேண்டும். உருகும் தண்ணீர் பாதையைத் தொடாமல் புல்லுக்குப் போக வேண்டும். புதுத் தார் போடும்போதே வாட்டத்தை அதற்குத் தக்கபடி வைத்துக்கொள்வது நல்லது.

அங்கே தண்ணீரின் கெடுதி வேறு மாதிரி. தண்ணீர் உறையும்போது 9 விழுக்காடு பெருக்கும். விரிசலுக்குள் போன தண்ணீர் இரவில் உறைந்து தாரைப் பிளக்கும், பகலில் உருகி இன்னும் ஆழம் போகும், மறுபடி உறையும். ஒரு குளிர்காலத்தில் இது பல முறை நடக்கும். ஆகவே குளிர் வருவதற்கு முன்னால், செப்டம்பர் வாக்கில் விரிசல்களை அடைத்துவிட வேண்டும். அடியில் வண்டல் மாதிரி நைசான மண் இருந்தால் இன்னும் மோசம். கீழே இருக்கும் ஈரத்தை அது மேலே உறிஞ்சிக்கொண்டே இருக்கும், உறையும் இடத்தில் பனித் தகடு தடித்துப் பாதையையே தூக்கிவிடும். வசந்தத்தில் உருகியதும் அந்த இடம் சேறாகித் தொய்ந்துவிடும். நம் ஊரில் 15 சென்டிமீட்டர் அடித்தளம் போதும் என்றால், அங்கே 20 முதல் 30 வரை தண்ணீர் தங்காத சுத்தமான ஜல்லி வேண்டும். டொராண்டோ பக்கம் நிலம் நாலடி வரை உறையும் என்று கணக்கு வைத்துத்தான் அஸ்திவாரமே தோண்டுகிறார்கள்.

கூரைக் குழாய் விஷயத்திலும் நான் இங்கே சொன்னதை அங்கே செய்யாதீர்கள். டொராண்டோவில் கூரைத் தண்ணீரை நகரத்துச் சாக்கடைக் குழாயில் இணைக்கக் கூடாது, தரையில்தான் விட வேண்டும். அந்தக் குழாயின் வாய் முன்பாதையைப் பார்த்து இல்லாமல் புல்லைப் பார்த்து இருக்கட்டும். கராஜ் வாசலில் கம்பி மூடி வாய்க்கால் இருந்தால், இலை உதிர்ந்து முடிந்ததும் முழுக்க வாரி எடுங்கள். உள்ளே மிச்சம் இருக்கும் சகதி உறைந்தால் வசந்தத்தின் முதல் மழைக்கு வாய்க்கால் அடைத்தே கிடக்கும்.

தார் வேலையை மே முதல் அக்டோபருக்குள் முடித்துக்கொள்ளுங்கள். காற்றின் வெப்பம் 10 டிகிரிக்குக் கீழே இருக்கும் நாளில் மெல்லிய பூச்சு ரோலர் வருவதற்குள் ஆறிவிடும். குளிர்காலத்தில் அங்கே பிரிமிக்ஸ் ஆலைகளே மூடியிருக்கும். அப்போது பள்ளம் அடைக்கப் பையில் விற்கும் குளிர்க் கலவை தற்காலிகத்துக்குத்தான்.

போட்ட பிறகு

இங்கே திரும்பி வருகிறேன். புதுத் தார்மேல் முதல் மூன்று நாள் கார் ஏற்றாதீர்கள். முதல் சில மாதங்களுக்கு மதிய வெயிலில் மோட்டார் ஸ்டாண்டு போட்டால் அடியில் ஒரு பலகைத் துண்டு வையுங்கள், இல்லாவிட்டால் குழி விழும், அந்தக் குழியில் தண்ணீர் நிற்கும். டீசல், என்ஜின் எண்ணெய் சொட்டினால் உடனே மணல் போட்டுத் துடையுங்கள். அவை தாரைக் கரைக்கும்.

வாய்க்காலை வாரம் ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும். அக்கா வீட்டில் ரம்புத்தான் மரம் இருக்கிறது, இலையும் தோலும் விழுந்துகொண்டே இருக்கும். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஏழு முதல் பத்து நாள் போதும். மூடிக்கு அடியில் தேங்கிய தண்ணீரில் புழு இருந்து சுகாதார இலாகா அதிகாரி கண்டுபிடித்தால் அபராதம் உங்களுக்குத்தான். அதற்கு 1975-லிருந்தே சட்டம் இருக்கிறது. அபராதத்தை விடுங்கள், டிங்கி வந்து ஆஸ்பத்திரியில் படுத்த குழந்தைகளை எங்கள் தாமானிலேயே பார்த்திருக்கிறேன்.

மூடியைக் கையால் தூக்கினால் விரல் நசுங்கும். பட்டறையில் சொல்லி அரை மீட்டர் கம்பியில் முனையை வளைத்து ஒரு கொக்கி செய்து வாங்குங்கள், இரண்டு செய்தால் இரண்டு பக்கமும் தூக்கலாம். அக்கா வீட்டில் அது கேட் தூணுக்குப் பின்னால் ஓர் ஆணியில் தொங்குகிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் பேரன் போல்ட்டைக் கழற்றி, கொக்கியால் மூடியைத் தூக்கி, மண்டியை வாரி ரம்புத்தான் மரத்தடியில் போட்டுவிட்டு, கடைசியில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டு லோங்காங் வரை அதன்கூடவே நடந்து போய்ப் பார்க்கிறான்.